நாணலுக்குள் ஒரு கரகரப்பு

ஏரிக்கரை நாணலுக்குள், யாரோ தொலைத்துவிட்டுப்போன, தூண்டில் நரம்பு சுற்றும் பித்தளை ரீல் ஒன்று கிடந்தது. ஒருநாள் புத்தம்புது ரீல் ஒன்று தூண்டில் கம்போடு வந்து அதன் மேல் விழுந்தது. மீன் பிடிக்க வந்த இருதயராஜ் கம்பைக் கீழே வைத்துவிட்டு டீ ஊற்றிய நேரத்தில், முள்ளைக் கவ்விய விரால் அதை இழுத்து வந்துவிட்டது.

"நீ போனது அவருக்குக் கேக்கலையா?" என்றது பித்தளை ரீல்.

"நான் சத்தமே இல்லாம சுத்துவேன். உங்களை மாதிரி கரகரன்னு கத்துறது அசிங்கம், அண்ணே!"

"கத்த எனக்கும் ஆசைதான். என் நரம்பு மக்கிப்போச்சு, இழுக்க மீனில்லையே."

கரையில் இருதயராஜ் தேடி அலுத்து, பையைத் தோளில் மாட்டினார். புது ரீல் பதறியது.

"அண்ணே, என் நரம்பு உங்க சக்கரத்துலதான் சுத்திக் கிடக்கு. மீனும் இன்னும் முள்ளுலதான் இருக்கு. விடட்டுமா?"

"விடு!"

புது ரீல் நரம்பைத் தளர்த்தியது. விரால் பாய்ந்து ஓடியது. பித்தளைச் சக்கரம் வெறிபிடித்ததுபோல் சுழன்று, ஏரியே அதிர 'கர்ர்ர்ர்' என்று அலறியது.

இருதயராஜ் பையைப் போட்டுவிட்டு முழங்கால் தண்ணீரில் ஓடிவந்தார். விரால், கம்பு, இரண்டு ரீல் எல்லாம் கரையேறின.

வீடு போகும் வழியெல்லாம் புது ரீல் கெஞ்சிக்கொண்டே வந்தது: "அண்ணே, இன்னொரு தடவை கத்துங்களேன்!"