எக்ஸ்ரே அறைக்கு வெளியே

"செத்தாலும் அந்த ரூமுக்குள்ள வரமாட்டேன் ஐயா!"

எக்ஸ்ரே அறை வாசலில் கிடந்த பெஞ்சோடு பெஞ்சாக ஒட்டிக்கொண்டார் மீசைக்காரர். பக்கத்தில் நின்ற பெரியவர் கோபப்படவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, குரலை மட்டும் இனிப்பாக வைத்துக்கொண்டார்.

"ஒரு நொடி வேலை தம்பி. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சிடும்."

"அதுலயும் ஒரு நொடிதான்! பட்டனை அழுத்தினான், கண்ணை மூடித் திறந்தான், ஊரே காலி!"

'அது' என்றால் டிவி நாடகம். அணு உலை வெடித்து ஒரு நகரமே அழிந்துபோகிற கதை. தினமும் சாயங்காலம் ஓடுகிறது. உலை வெடித்தது என்னவோ டிவியில்தான்; சேதாரம் முழுக்க இந்த ஊருக்கு.

முதல் நாள் பார்த்துவிட்டு, கதிர்வீச்சுக்கு மருந்தென்று எல்லோரும் அயோடின் உப்பை மூட்டை மூட்டையாக வாங்கினார்கள். அதைத் தின்பதா, வாசலில் தூவுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தார்கள். அடுத்த நாள் கதையில் ஒருவருக்கு முடி கொத்தாகக் கொட்டியது. விடிந்ததும் ஊரே சீப்பும் கையுமாக உட்கார்ந்துவிட்டது. வழுக்கைத் தலையர்கள் மட்டும்தான் அன்றைக்கு வேலைக்குப் போனார்கள். ஒரு வீட்டில், இருட்டில் பச்சையாக மினுங்கும் அலாரக் கடிகாரத்தைக் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தார்கள். மண்ணுக்குள்ளிருந்து அது அலாரம் அடித்தபோது, குடும்பமே வீட்டைக் காலி செய்துவிட்டது.

பெரியவர் மறுபடி ஆரம்பித்தார்.

"கை வீங்கிக்கிட்டே போகுதே தம்பி. படம் எடுத்தாத்தானே எலும்பு முறிஞ்சிருக்கா, பிசகியிருக்கான்னு டாக்டருக்குத் தெரியும்?"

"எண்ணெயைத் தடவி இழுத்துக் கட்டினா போச்சு."

"கோணலா ஒட்டிக்கிட்டா?"

"கோணலா இருந்தாலும் கை கைதானே? உசுரு நேரா இருக்கும்ல?"

இவ்வளவு பெரிய மீசைக்குப் பின்னால் இவ்வளவு சின்ன ஆள் ஒளிந்திருப்பான் என்று பெரியவர் எதிர்பார்க்கவில்லை.

"நானும் அதே நாடகம்தான் பாக்கறேன். எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. அதுக்காக? அணு உலை எங்க, இந்தத் தகரப் பெட்டி எங்க?"

"அதுல அந்தப் பெரிய ஆபீசரும் இப்படித்தான் சிரிச்ச முகமா சொன்னான். 'ஒண்ணுமில்ல, வெறும் புகை'ன்னான். அடுத்த சீன்ல ஆபீசரையே காணோம்!"

"சரி, உள்ள ஆணியில கதிர் படாம தடுக்கற ஈய அங்கி தொங்குமே, அதை மாட்டிக்குங்க."

"மாட்டிக்கிட்டுத்தானே உக்காந்திருக்கேன்? முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு."

பெஞ்ச் ஏன் அப்படி முனகுகிறது என்பது பெரியவருக்கு அப்போதுதான் புரிந்தது.

"அப்புறம் என்ன பயம்?"

"தலை வெளியில இருக்கே ஐயா!"

பெரியவர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"என் சம்சாரம் கண்டிச்சு சொல்லிட்டா" என்றார் மீசைக்காரர். "அந்த ரூமுக்குள்ள காலை வெச்சா, வீட்டுக்குள்ள காலை வைக்காதேன்னு."

"அவங்களும் பாக்கறாங்களா?"

"அவ பாத்துத்தான் எனக்குக் கதை சொல்றா. நான் கண்ணை மூடிக்கிட்டுல்ல பாக்கறேன்!"

நர்ஸ் அந்தப் பக்கமாக வந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னுமா முடியல? டாக்டர் பையைத் தூக்கிட்டார். இன்னிக்கு விட்டா அடுத்த வாரம்தான் மாவுக்கட்டு. அப்புறம் என்னைக் கேக்காதீங்க." பிறகு மீசைக்காரரைப் பார்த்தாள். "இவ்வளவு பெரிய மீசையை வெச்சுக்கிட்டு... வெக்கமா இல்ல?"

"இதோ ஆச்சும்மா" என்று அவளை அனுப்பிவைத்தார் பெரியவர். பயந்தவனைக் கேலி செய்தால் காரியம் கெட்டுவிடும் என்று அவருக்குத் தெரியும். குரலை இன்னும் இறக்கினார்.

"யோசிச்சுப் பாருங்க தம்பி. கைக்கு இந்தக் கதி வந்ததே அந்த நாடகத்தாலதானே? அதுல சைரன் ஊதற நேரம் பாத்து கரண்ட் போச்சு. போனா போகட்டும்னு உக்காந்திருக்க வேண்டியதுதானே? அணு உலையே வெடிச்சிட்ட மாதிரி மாடிப்படியில இருட்டுல எதுக்கு ஓடணும்?"

"அந்த நேரத்துல கரண்ட் போனா எவன்தான் ஓடமாட்டான்?" மீசைக்காரரின் குரலில் முதல்முறையாகக் கொஞ்சம் ஈரம் தெரிந்தது.

"முட்டாள்தனம்" என்றார் பெரியவர், மனதார.

கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரியாமல் காத்துக்கொண்டிருந்தது.

"இன்னிக்குக் கடைசி நாள் கதை" என்றார் மீசைக்காரர் மெதுவாக. "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுன்னா நாளைக்கு உள்ள வரேன். சத்தியமா."

"நல்லபடியா முடியலைன்னா?"

"வேற ஊருக்குப் போயிடுவேன்."

வெளியே டாக்டரின் கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அதற்குமேல் பெரியவரால் பொறுக்க முடியவில்லை. கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு தனியாகவே உள்ளே போனார். வீங்கிப்போன தன் இடது கையை மெஷினுக்குக் கீழே பதமாக நீட்டி வைத்தார். சுருள் ஒயரில் தொங்கிய சுவிட்சை வலது கையில் எடுத்துக்கொண்டார்.

"கையை அசைக்காதீங்க ஐயா! நான் 'ரெடி' சொன்னதும் அழுத்துங்க!" என்று பெஞ்சுக்கு அடியிலிருந்து குரல் கொடுத்தார், அந்த ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே ஆபரேட்டர்.