தகாலொக் தெரிந்தவர்

ஆஸ்பத்திரி யன்னலால் மாலை வெயில் சரிந்து கட்டிலில் விழுகிறது. தொண்டைமானாற்றுக்கு அப்பால் கடலில் உடைந்த கப்பலிலிருந்து மீனவர்கள் தூக்கி வந்த பிலிப்பைன்ஸ் மாலுமி, மூச்சுத் திணறத் திணற ஏதோ பேசுகிறான். இருபது வயதிருக்கும். அந்த நாட்டின் சரித்திரத்தையும் கவிதைகளையும் வருடக்கணக்காக ஆராய்கிற ஆழ்வாப்பிள்ளை மாஸ்ரரைக் கார் அனுப்பிக் கூட்டி வந்திருக்கிறார்கள். அவர் அந்த நாட்டுத் தகாலொக் மொழியைப் புத்தகத்தில் படித்தவரே தவிர, ஒருநாளும் காதால் கேட்டவரல்ல. அவனுடைய சொற்கள் அவரைத் தாண்டி ஓடுகின்றன.

“என்ன மாஸ்ரர் சொல்லுறான்?” நேர்ஸ் செல்வநாயகி கேட்கிறாள்.

“விளங்கேல்லை, பிள்ளை. ஒண்டும் விளங்கேல்லை.”

வெடித்த உதடுகள் இப்போது ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்கின்றன. “இனாய்... இனாய்...”

“தாயைக் கூப்பிடுறான்,” என்கிறார் மாஸ்ரர்.

உப்புப் பூத்த அவன் கை போர்வையில் எதையோ தேடுகிறது. மாஸ்ரர் அதைத் தன் இரு கைகளுக்குள்ளும் எடுத்துக்கொண்டு, புத்தகத்தில் மட்டுமே கண்ட சொற்களை முதன்முறையாக வாய்விட்டுச் சொல்கிறார்.

“நாரித்தோ ஆக்கோ, அனாக்.”

இங்கேதான் இருக்கிறேன், பிள்ளை.

அவன் கண் திறக்கவில்லை. விரல்கள் மட்டும் இறுகுகின்றன. பிறகு மெல்லத் தளர்கின்றன. செல்வநாயகி நாடி பார்த்துவிட்டு, போர்வையை இழுத்து அவன் முகத்தை மூடுகிறாள். மாஸ்ரர் கையை விடவில்லை. இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.