மூடி வந்த டப்பா

“நம்ம குரலைக் கேட்டா யாருக்கும் சந்தோஷம் வராதுப்பா, ஆனா…” என்று கணினி நிரல்களில் தவறு நேர்ந்தால் குரல் கொடுக்கும் மூத்த பிழைசொல்லி ஒன்று சொல்லிக்கொண்டே இருக்கும். ‘ஆனா’வுக்குப் பிறகு என்ன சொன்னது என்பது இளைய பிழைசொல்லிக்கு மறந்துவிட்டது.

இளையது வேலை பார்த்தது ரயில் நேரம் அறிவிக்கும் ஒரு நிரலில். நிரலின் ஒரு வரி ஓட முடியாமல் விழுந்தால் அதன் எண்ணைக் கத்துவதுதான் வேலை. தொண்ணூறாம் வரி இரண்டு முறை விழுந்தது. நிரலை எழுதும் பரிமளா இரண்டு முறையும் அதை அடித்துத் திருத்தினாள். மூன்றாம் முறையும் விழுந்தது.

“அண்ணே, இப்பவும் என் பேரைச் சொன்னீங்கன்னா அந்தம்மா என்னை அழிச்சே போட்டுருவாங்க” என்று அழுதது தொண்ணூறு. “ஊர்ப் பேரு இருக்குன்னு டப்பாவைக் குடுத்தாங்க. திறந்தா காலி. யாரு குடுத்தாங்கன்னு கேளுங்களேன்!”

டப்பா வந்த வழியே பிழைசொல்லி பின்னால் நடந்தது. “எனக்கும் மூடித்தான் வந்துச்சு” என்றது நாற்பதாம் வரி. “திறந்து பாக்குற வழக்கம் எங்ககிட்ட இல்லீங்க.”

பன்னிரண்டாம் வரி தலை குனிந்தது. “பேரைத் தேடினேன், கிடைக்கல. வெறுங்கையோட போக வெக்கமா இருந்துச்சு. காலி டப்பாவை மூடிக் குடுத்துட்டேன்.”

பிழைசொல்லி மூன்று எண்களையும் வரிசையாகச் சொன்னது. காலி டப்பா கிளம்பிய இடம் தெரிந்ததும் பரிமளா பன்னிரண்டைச் சரிசெய்தாள். ரயில்கள் அறிவிக்கப்பட்டன.

“உங்களாலதான் அண்ணே இருக்கேன்” என்றது தொண்ணூறு.

“போடா! கேக்கச் சொல்லிக் குடுத்ததே நீதான். இத்தனை நாள் நான் எத்தனை பேரை அழிக்க வச்சேனோ, இன்னிக்காவது என்னை நிறுத்தினியே, அதுக்கு நான்தான் உன்னைக் கும்பிடணும்.”

இனி எந்த வரி விழுந்தாலும், டப்பா கைமாறி வந்த வழி முழுவதும் நடந்து பார்த்த பிறகே எண்ணைச் சொல்வதென்று பிழைசொல்லி முடிவு செய்தது.