மூன்று மணிப் பள்ளம்

மேலாளரிடம் பதவி உயர்வு கேட்க நல்ல நேரம் எது? கணக்கில் பட்டம் வாங்கிய குமாஸ்தா ஜோசியரிடம் போகவில்லை. ஒரு மாதம் மணிக்கு மணி மேலாளரின் கோபத்துக்கு மார்க் போட்டு, வரைபடமாக்கி, அதற்கொரு பல்லுறுப்புக் கோவை கண்டுபிடித்து, வகையிட்டு, கோடு எங்கே எவ்வளவு சாய்கிறது என்று பார்த்தார். சாய்வு பூஜ்யமாகும் இடங்கள் இரண்டு: பதினொரு மணி உச்சம், மூன்று மணி பள்ளம்.

டாண் என்று மூன்றுக்கு நுழைந்தார். மேலாளர் சிரித்தார்!

"சார், பதவி உயர்வு..."

"நானும் கணக்குப் படிச்சவன்தான். ஒரு மாசமா உங்க வேலையை வரைபடம் போட்டேன். எந்த மணியில வகையிட்டாலும் சாய்வு பூஜ்யம்."

"அப்போ நான் எப்பவுமே உச்சத்துல இருக்கேன் சார்!"

"உச்சமா? கோடு தரையில படுத்துக் கிடக்குய்யா! நாள் முழுக்க என் மூஞ்சியையே பார்த்துக் குறிச்சுக்கிட்டிருந்தா, ஃபைலை யார் பார்ப்பா?"