சீக்கிரம் உடையணும்

"அண்ணே, சீக்கிரம் உடையுற பைண்டிங் ஏதாவது இருக்கா?"

பனிச்சறுக்குச் சாமான் கடையில் வேறு யாரும் இல்லை என்று சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டுதான் கேட்டான் ஸ்டெய்னார்.

கடைக்காரர் ஓட்வார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "என்ன தம்பி, உடையக் கூடாதுன்னுதானே எல்லாரும் கேப்பாங்க?"

நார்வேயின் ஹமார் ஊரில் பனி விழ இன்னும் நாளிருந்தது. அதுவரை சும்மா இருக்கிற ஊரா அது? சக்கரம் வைத்த ஸ்கீ பலகையைக் காலில் மாட்டிக்கொண்டு ஆணும் பெண்ணும் தார் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

ஸ்டெய்னார் தன் ஸ்கீயை மேஜை மேல் வைத்து, பூட்ஸ் நுனியைக் கவ்விப் பிடிக்கிற பைண்டிங்கைக் காட்டினான். "நீங்க மாட்டிவிட்டதுதான். கல்லு, குழின்னு எல்லாத்துலயும் ஏத்திப் பார்த்துட்டேன். அசைய மாட்டேங்குது."

"கெட்டிச் சரக்குப்பா!"

"அதான் என் உயிரை எடுக்குது! இந்த ஞாயித்துக்கிழமை லில்லஹாமர் வரைக்கும் அறுபது கிலோமீட்டர் ஓடணும். என் பொண்டாட்டி இங்குன்கிட்ட நானே வாயைக் குடுத்துட்டேன். கல்யாண நாளுக்கு எங்கே போலாம்னு பேச்சு வந்தது. அவளுக்கு ஸ்கீன்னா உயிராச்சேன்னு, 'லில்லஹாமர் வரைக்கும் ஓடலாமா?'ன்னேன். சும்மா ஒரு பேச்சுக்கு! சந்தோஷத்துல அவளுக்குப் பேச்சே வரலை."

ஓட்வாருக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"தலைவலின்னு சொல்லேன்."

"வெளிக்காத்து பட்டா சரியாயிடும்னு இழுத்துட்டுப் போயிடுவாளே!"

"பிடிக்கலைன்னு சொல்லிடேன்."

"நார்வேயில பொறந்துட்டு ஸ்கீ பிடிக்கலைன்னு எப்படிண்ணே சொல்றது? மாமனார் மூஞ்சில எப்படி முழிக்கிறது? பாதி வழியில பைண்டிங் உடைஞ்சா கௌரவமா பஸ் ஏறிடலாம். வீட்டுக்கு வந்து சூடா வாஃபிள் சுட்டு, பழுப்புச் சீஸ் வச்சுத் தின்னுட்டு, சோபாவுல காலை நீட்டிடலாம்."

"அந்தப் பொண்ணு மனசு கஷ்டப்படாதா?"

"படும்தான், பாவம்." ஸ்டெய்னார் பெருமூச்சு விட்டான். "போன வாரம் அவளோட பைண்டிங் உடைஞ்சப்போ, ரோட்டோரமா உக்காந்து முகத்தை மூடிக்கிட்டா. தோள் ரெண்டும் குலுங்குது. நான்தான் முதுகைத் தடவித் தேத்தினேன்."

மறுபடியும் இருமல். ஓட்வார் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பனிக்குன்னு செஞ்ச பழைய பிளாஸ்டிக் பைண்டிங் கொஞ்சம் இருந்துச்சு. ஜன்னல் வெயில்ல கெடந்து மொறுமொறுன்னு ஆயிடுச்சு. தார் ரோட்டு அதிர்வுக்கு அரை மணி நேரம்கூடத் தாங்காது."

"அதேதாண்ணே! தெய்வமே, அதைக் குடுங்க!"

"இல்லையே. கடைசி ஜோடி காலையிலதான் போச்சு."

"ஐயையோ! அந்தக் குப்பையை எவன் வாங்கினான்?"

ஓட்வாரால் அதற்கு மேல் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"உன் இங்குன்தான். 'லில்லஹாமர் போய்ச் சேர்றதுக்குள்ள கண்டிப்பா உடைஞ்சிடுமில்ல?'ன்னு ரெண்டு தடவை கேட்டு வாங்கிட்டுப் போச்சு!"