பேரில்லாத சுவிட்ச்

இரண்டு கை மாறி இன்னாசியிடம் வந்து சேர்ந்த எஸ்யூவி வண்டியில், ரேடியோவுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு சுவிட்ச் இருந்தது. முன்பு வண்டியை வைத்திருந்த யாரோ துளை போட்டு மாட்டியது. எதற்கு என்று அதன்மேல் எழுதியிருக்கவில்லை. இன்னாசி தினமும் அதை அமுக்கிவிட்டு, இறங்கி வண்டியைச் சுற்றிப் பார்ப்பான். எதுவும் எரியாது, எதுவும் சுற்றாது.

"நீ என்னதான் வேலை செய்யறே?" என்று கேட்டது வைப்பர் சுவிட்ச்.

"அதை உங்கிட்ட சொல்லணும்னு எனக்கு என்ன வந்தது?" என்றது சிவப்பு சுவிட்ச். உண்மையில் அதற்கே தெரியாது. ஆனால் காட்டிக்கொள்வதாக இல்லை.

ஒருநாள் மெக்கானிக் டேஷ்போர்டைக் கழற்றி, சிவப்பு சுவிட்சின் வயரைப் பிடித்துக்கொண்டே போனார். ஒரு சாண் தள்ளி வயர் முன்பே அறுந்து சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

"எதுலயும் சேரல தம்பி. பிடுங்கிடவா?"

வைப்பர் சுவிட்ச் சிரித்தது. "குட்டு வெளிப்பட்டுப் போச்சா? இனி உனக்குக் குப்பைத்தொட்டிதான்."

"மழை பெஞ்சாத்தான் உன்னைத் தேடுறான். என்னை வெயில்லயும் தேடினான்." சிவப்பு சுவிட்சின் குரல் கொஞ்சமும் இறங்கவில்லை. "பிடுங்கட்டும். ஓட்டை இருக்குமில்ல? அது எதுக்குன்னு கேட்பாங்க."

இன்னாசி கொஞ்சம் யோசித்தான். "இருந்துட்டுப் போகட்டும்ண்ணே" என்றான்.

மறுநாள் அவனுடைய மச்சான் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தான். உட்கார்ந்ததுமே சிவப்பு சுவிட்சை நோக்கி விரலை நீட்டினான். இன்னாசி அந்தக் கையைச் சட்டென்று பிடித்தான்.

"எதை வேணாலும் தொடு மச்சான். அதை மட்டும் தொட்டுடாதே."

மச்சான் ஊர் போய்ச் சேரும்வரை கையை மடியைவிட்டு எடுக்கவில்லை. சிவப்பு சுவிட்ச், வைப்பர் சுவிட்ச் இருந்த பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.