கழன்ற செருப்பு

மலைமேல் தேயிலை எஸ்டேட் மாதா கோயிலில் சாயங்கால வெளிச்சம் ஈரத்துணி போலக் கிடக்கிறது. வெனிஸ்காரர்கள் ஆண்ட ஏதோ ஒரு கிரேக்கத் தீவில் முதன்முதலாக வரைந்த சகாய மாதாதான் இங்கும் பலகையில் இருக்கிறாள், கையில் குழந்தை இயேசுவோடு, பூஞ்சை பிடித்து. போர்டு எழுதும் அமிர்தநாதன் அவளுக்குப் புதுப் பெயிண்ட் பூசிக்கொண்டிருக்கிறார். கொழுந்து எடை போட்டுவிட்டு வந்த ரோசி, இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் தாளைக்கூட அவிழ்க்காமல் பெஞ்சில் சாய்ந்து படத்தையே பார்க்கிறாள். "பிள்ளை கால்ல செருப்பு கழண்டுல்லா தொங்கணும், அண்ணே." "பாக்கப் பாவமா இருந்துச்சு. மாட்டி விட்டுட்டேன்." "சிலுவையக் கண்டு பயந்து ஓடிவந்து அம்மா மேல ஏறுன பிள்ளை. இப்ப சும்மா உக்காந்திருக்க மாதிரில்லா இருக்கு." அவர் மண்ணெண்ணெய்த் துணியால் காயாத பெயிண்டைத் துடைக்கிறார். அடியிலிருந்து பழைய செருப்பு, ஒற்றை வாரில் தொங்கியபடி வெளியே வருகிறது. பிறகு மெல்லிய பிரஷை எடுத்து மாதாவின் உதட்டோரத்துக்குக் கொண்டுபோகிறார். கொஞ்சம் சிரிப்பு வைக்கலாமென்று. ரோசி கண்ணை மூடிக்கொள்கிறாள். "அத விட்டுருங்கண்ணே. டூரிஸ்ட்காரங்க போட்டோவுக்கு நாங்க நாள் பூரா சிரிக்கோம். மாதாவாவது சிரிக்காம இருக்கட்டும்."